நெட்வொர்க் ஷேரைத் திறந்தால் ஃபைல் மேனேஜர் உறைந்து போகிறதா? லினக்ஸ் பயனர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தெரிந்த நாலைந்து அலுவலகங்களில் லினக்ஸ் மின்ட், உபுண்டு போட்டுக் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். எல்லா இடத்திலும் நடுவில் ஒரு நாஸ் பெட்டி (கோப்புகளை வைத்து நெட்வொர்க் வழியாக எல்லாருக்கும் தரும் சேமிப்புப் பெட்டி) இருக்கும், இல்லாவிட்டால் எல்லாருக்கும் பொதுவாகப் பகிர்ந்து வைத்த ஒரு விண்டோஸ் கணினி இருக்கும். அப்படிப் பகிர்ந்த ஃபோல்டரைத்தான் ஷேர் என்கிறேன். "அண்ணா, ஃபைல் மேனேஜர் போச்சு" என்று போன் வந்துகொண்டே இருக்கிறது, பின்னாலேயே வரும் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, பதில்களை ஒரே இடத்தில் வைக்கிறேன். கட்டளைகளின் பெயரைத் தமிழில் ஒலிக்கிறபடி எழுதியிருக்கிறேன், கட்டளை அடிக்கும் டெர்மினல் விண்டோவில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்.

நெட்வொர்க் ஃபோல்டரை கிளிக் பண்ணினதும் விண்டோ அப்படியே நின்னு சாம்பல் கலர் ஆயிடுச்சு. கிராஷ் ஆயிடுச்சா?

பெரும்பாலும் இல்லை. விண்டோ பட்டென்று காணாமல் போனால் அது கிராஷ். விண்டோ கண்ணெதிரே இருக்கிறது, எதை அமுக்கினாலும் அசையவில்லை என்றால் அது ஹேங். இரண்டுக்கும் காரணமும் வேறு, வைத்தியமும் வேறு, அதனால் முதலில் இதைப் பிரித்துப் பாருங்கள். என்னிடம் "கிராஷ்" என்று வருவதில் பெரும்பகுதி ஹேங்தான்.

ஹேங் ஆகும்போது உள்ளே நடப்பது எளிமையானது. ஃபைல் மேனேஜர் அந்தப் பக்கத்து கணினியிடம் "இந்த ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது" என்று கேட்டிருக்கிறது, பதில் வரவில்லை, வரும்வரை நிற்கிறது. நாட்டிலஸ், நீமோ, துனார் என்ற ஃபைல் மேனேஜர்கள் மூன்றிலும் நீங்கள் எத்தனை விண்டோ திறந்தாலும் அவை ஒரே புராசஸ்தான், அதாவது உள்ளே ஓடுவது ஒரே புரோகிராம். அதனால் ஒரு விண்டோ காத்து நின்றால், டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து வைத்திருக்கும் இன்னொரு விண்டோவும் சேர்ந்து நின்றுவிடும். அதைப் பார்த்துத்தான் மொத்தக் கணினியும் போய்விட்டது என்று பயந்துவிடுகிறார்கள்.

எவ்வளவு நேரம் காத்திருக்கணும்? பவர் பட்டனை அமுக்கி ஆஃப் பண்ணிடலாமா?

தயவுசெய்து அமுக்காதீர்கள். ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் மாலை நாலு மணிக்குக் கரண்ட் போனது. கணினிகளுக்கு யூபிஎஸ் இருந்தது, நாஸ் பெட்டிக்கு இல்லை. ஐந்து திரையிலும் ஃபைல் விண்டோ சாம்பல் நிறமானது. ஒரு பெண் பயந்துபோய்ப் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தார், அன்று மதியத்திலிருந்து சேமிக்காமல் வைத்திருந்த கணக்குத் தாள் அதோடு போனது. மற்ற நாலு பேரிடம் போனில் "கையை எடுங்கள், டீ குடித்துவிட்டு வாருங்கள்" என்றேன். கரண்ட் வந்து, நாஸ் மறுபடி எழுந்து, கொஞ்ச நேரத்தில் நாலு கணினியிலும் விட்ட இடத்திலிருந்து வேலை ஓட ஆரம்பித்தது.

அது தற்செயல் இல்லை. அங்கே ஷேர் என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு முறையில், ஹார்ட் மவுண்டாக இருந்தது. மவுண்ட் என்றால் ஷேரை உங்கள் கணினியின் ஒரு ஃபோல்டர் போல இணைப்பது. ஹார்ட் மவுண்ட் என்றால் சர்வர் திரும்பி வரும்வரை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும், என்எஃப்எஸ்ஸின் இயல்பான அமைப்பும் அதுதான். எனவே முதலில் நாஸ், ஸ்விட்ச், ரவுட்டர் மூன்றிலும் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் உங்கள் கணினியில் சரிசெய்ய ஒன்றுமே இல்லை, அதை எழுப்புங்கள். அப்புறம் அந்த மூன்றையும் ஒரே யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள், நாஸ் மட்டும் உயிரோடு இருந்து ஸ்விட்ச் செத்துக் கிடந்தாலும் இதே கதைதான்.

என் ஷேர் எந்த முறையில இணைஞ்சிருக்குன்னு எனக்கே தெரியாது. எப்படிப் பார்க்கிறது?

ஷேர் இணைவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஃபைல் மேனேஜரின் பக்கப்பட்டியில் நெட்வொர்க் என்பதைத் திறந்து கிளிக் செய்து போயிருந்தால், இடையில் ஜிவிஎஃப்எஸ் என்ற தனி அடுக்கு வேலை செய்கிறது. நாட்டிலஸ், நீமோ, காஹா, துனார் எல்லாம் இதைத்தான் நம்பியிருக்கின்றன. கேடிஇயின் டால்ஃபின் மட்டும் கேஐஓ என்ற வேறொன்றைப் பயன்படுத்துகிறது. இந்த வழியில் இணைப்பைத் தாங்குவது உங்கள் பெயரில் ஓடும் ஒரு சாதாரண புரோகிராம்.

இன்னொன்று கெர்னல் மவுண்ட், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே ஷேரை இணைத்து வைப்பது. எதையெல்லாம் இணைக்க வேண்டும் என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் யாராவது ஒரு வரி எழுதி, கணினி எழும்போதே ஷேர் ஒரு ஃபோல்டர் போல வந்து உட்கார்ந்தால் அது இந்த வகை. டெர்மினலில் மவுண்ட் என்று அடித்துப் பாருங்கள். உங்கள் ஷேர் இருக்கும் வரியில் சிஐஎஃப்எஸ் (விண்டோஸ் வகைப் பகிர்வு) அல்லது என்எஃப்எஸ் என்று இருந்தால் கெர்னல் மவுண்ட். ஜிவிஎஃப்எஸ் என்று ஒரே ஒரு பொது வரி மட்டும் தெரிந்தால் முதல் வகை. கீழே வரும் பதில்களில் பாதி இந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

கில் மைனஸ் 9 கொடுத்தும் சாகலை. இது எப்படி?

கில் மைனஸ் 9 என்பது ஒரு புரோகிராமைக் கட்டாயமாக நிறுத்தும் கட்டளை. பிஎஸ் ஆக்ஸ் (ps aux) என்று அடித்தால் வரும் பட்டியலில் ஸ்டேட் என்ற நெடுவரிசையைப் பாருங்கள். ஃபைல் மேனேஜருக்கு நேரே டி என்ற எழுத்து இருந்தால் அது கெர்னலுக்குள் போய், பதிலுக்காகத் தூக்கத்தில் நிற்கிறது என்று பொருள். ரயில்வே கேட் மூடியிருக்கும்போது எவ்வளவு ஹாரன் அடித்தாலும் திறக்காது, ரயில் போக வேண்டும். இதுவும் அப்படித்தான். இந்த நிலை நீடித்தால், டிமெசேஜ் (dmesg) கட்டளையின் வெளியீட்டில் இந்தப் புராசஸ் 120 நொடிக்கு மேல் தடைபட்டு நிற்கிறது என்று கெர்னலே எழுதி வைக்கலாம். அந்த வரி கிடைத்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள், பின்னால் உதவும்.

கெர்னல் மவுண்டாக இருந்தால், அமவுண்ட் (umount) கட்டளையை மைனஸ் எல் சேர்த்து ரூட் (நிர்வாகி) உரிமையில் கொடுங்கள். ஷேர் ஃபோல்டர் மரத்திலிருந்து உடனே கழன்றுவிடும், புதிதாகத் திறக்கும் விண்டோக்கள் அதில் மாட்டாது. ஏற்கெனவே மாட்டியது மட்டும் சர்வர் வரும்வரை நிற்கலாம். என்எஃப்எஸ் என்றால் மைனஸ் எஃப் சேர்த்தும் முயலலாம். ஜிவிஎஃப்எஸ் வழியாக இருந்தால் இன்னும் சுலபம், ஃபைல் மேனேஜரை விட்டுவிட்டு ஜிவிஎஃப்எஸ்டி-எஸ்எம்பி என்ற புராசஸைக் கில் செய்யுங்கள். இணைப்பு அறுந்துவிட்டது என்று ஒரு எச்சரிக்கை வரும், பெரும்பாலும் விண்டோ உயிர்பெற்றுவிடும். சேமிக்காத கோப்பு அந்த ஷேரிலிருந்து திறந்து கிடந்தால் இதைச் செய்யும் முன் லோக்கல் டிஸ்கில் வேறு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள்.

நான் நெட்வொர்க் பக்கமே போகலை. ஹோம் ஃபோல்டரைத் திறந்தாலே நிக்குது, பயர்ஃபாக்ஸ்ல சேவ் கொடுத்தாலும் நிக்குது!

நீங்கள் போகவில்லை, உங்களுக்காகப் பக்கப்பட்டி போகிறது. எப்போதோ ஷேரின் உள்ளே இருக்கும் ஒரு ஃபோல்டரை புக்மார்க் செய்திருப்பீர்கள். விண்டோ திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஃபோல்டர் இருக்கிறதா என்று போய்ப் பார்க்கப்படலாம், சர்வர் இல்லை என்றால் அங்கேயே நின்றுவிடும். பல புரோகிராம்களின் சேவ் பெட்டியும் அதே புக்மார்க் பட்டியலைத்தான் படிக்கிறது, அதனால்தான் பயர்ஃபாக்ஸும் சேர்ந்து மாட்டுகிறது.

அந்தப் பட்டியல் ஹோமின் உள்ளே மறைந்திருக்கும் கான்ஃபிக் ஃபோல்டரில், ஜிடிகே-3.0 என்பதற்குள், புக்மார்க்ஸ் என்ற வெறும் உரைக் கோப்பு. டெர்மினலில் திறந்து நெட்வொர்க் வரிகளை நீக்குங்கள். அடுத்து பார்க்க வேண்டியது டெஸ்க்டாப்பிலும் ஹோமிலும் ஷேரை நோக்கிப் போட்ட சிம்லிங்க் என்ற குறுக்குவழி. ஒரு டிசைன் கடையில் இரண்டு நாள் தேடிய பிறகு, டெஸ்க்டாப்பின் மூலையில் "பழைய வேலை" என்று ஒரு ஐகான், அது மூன்று வருடத்துக்கு முன்பு தூக்கிப்போட்ட சர்வரின் மவுண்டைக் காட்டிக்கொண்டிருந்தது. அதையும் எஃப்எஸ்டேப்பில் அதற்குரிய வரியையும் நீக்கியதும் சரியானது.

மத்த ஃபோல்டர் எல்லாம் ஓகே, போட்டோ ஃபோல்டர் மட்டும் திறந்தா செத்துடுது.

குட்டிப் படங்கள்தான் காரணம், அதாவது தம்ப்நெயில். ஒவ்வொரு படத்துக்கும் ஒன்று செய்ய அந்தப் படத்தையே நெட்வொர்க் வழியாக இழுக்க வேண்டும். வைஃபையில் 25 எம்பி கேமரா ரா கோப்புகள் ஆயிரம் இருந்தால் 25 ஜிபி வரை நகர வேண்டியிருக்கும், நீங்கள் ஒரு படத்தைக்கூடத் திறக்காமலேயே. செட்டிங்ஸில் தம்ப்நெயிலை லோக்கல் கோப்புகளுக்கு மட்டும் என்று வையுங்கள், நாட்டிலஸ், நீமோ, துனார் மூன்றிலும் இந்தத் தேர்வு இருக்கிறது. ஃபோல்டருக்குள் எத்தனை கோப்பு என்று எண்ணிக் காட்டும் வசதி இருந்தால் அதையும் அப்படியே மாற்றுங்கள்.

கோப்புகளின் எண்ணிக்கையே பிரச்சினையாவதும் உண்டு. ஒரு கோப்பின் விவரம் கேட்டுப் போய்வர 2 மில்லிநொடி ஆனால், 40,000 கோப்புக்கு 80 நொடி. அந்த 80 நொடியும் விண்டோ செத்ததுபோலத்தான் தெரியும். வருடம், மாதம் என்று உள்ஃபோல்டர்களாகப் பிரித்து வைப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

எனக்கு ஹேங் இல்லை, நிஜமாவே விண்டோ மறைஞ்சு போகுது. என்ன பண்றது?

அப்போது உங்களுடையது உண்மையான கிராஷ், அதாவது புரோகிராமிலோ அதோடு ஒட்டிக்கொண்ட ஒன்றிலோ பிழை. நான் முதலில் சந்தேகப்படுவது எக்ஸ்டென்ஷன்களை. கிளவுட் சேமிப்புக்காரர்கள் போடுவது, கோப்பின் மேல் பச்சை டிக் காட்டுவது, வலது கிளிக் மெனுவில் புதிதாக வருவது எல்லாம் ஃபைல் மேனேஜரின் வயிற்றுக்குள்ளேயே ஓடுகின்றன, அவற்றில் ஒன்று விழுந்தால் எல்லாம் விழும். நீமோவில் பிளகின்ஸ் பக்கத்தில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மைனஸ் க்யூ கொடுத்து நீமோவை முழுதாக மூடி மறுபடி திறந்து பாருங்கள். கிராஷ் நின்றால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து ஆளைப் பிடியுங்கள்.

நிற்கவில்லை என்றால் டெர்மினலிலிருந்து ஃபைல் மேனேஜரைத் திறந்து, கிராஷ் ஆகும்வரை அதே வேலையைச் செய்யுங்கள், கடைசி வரிகளில் ஏதாவது கிடைக்கும். மின்ட்டில் சிஸ்டம் ரிப்போர்ட்ஸ், ஃபெடோராவிலும் ஆர்ச்சிலும் கோர்டம்ப்சிடிஎல், உபுண்டுவில் வார் ஃபோல்டருக்குள் இருக்கும் கிராஷ் என்ற ஃபோல்டர், இந்த இடங்களில் விழுந்த தடயம் இருக்கும்.

பழைய நாஸ் போன வருஷம் வரைக்கும் வேலை செஞ்சது. ஓஎஸ் அப்கிரேட் பண்ணினதும் ஷேர் லிஸ்டை எடுக்க முடியலைன்னு எரர் வருது.

எஸ்எம்பி என்பது விண்டோஸ் வகைப் பகிர்வின் நெறிமுறை. அந்தப் பெட்டிக்கு அதன் பழைய எஸ்எம்பி 1 மட்டும்தான் தெரியும் போலிருக்கிறது. 2017 மே மாதம் வானாக்ரை புழு பரவியது இந்தப் பழைய நெறிமுறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே வருடம் அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1 தானாக நிறுவப்படுவதில்லை. லினக்ஸில் எஸ்எம்பி பேசும் மென்பொருள் சாம்பா, 2019 செப்டம்பரில் வந்த அதன் 4.11 பதிப்பு எஸ்எம்பி 1ஐ இயல்பாகவே அணைத்துவிட்டது. உங்கள் டிஸ்ட்ரோ (மின்ட், உபுண்டு போன்ற லினக்ஸ் வகை) அந்த எல்லையைத் தாண்டியதும் பழைய பெட்டியோடு பேச்சு நின்றுவிட்டது.

நாஸின் நிர்வாகப் பக்கத்தில் எஸ்எம்பி 2 அல்லது 3 என்ற தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லை என்றால் ஃபர்ம்வேர் அப்டேட் பாருங்கள். சாம்பா கான்ஃபிக் கோப்பில் குறைந்தபட்ச நெறிமுறையை என்டி 1 என்று மாற்றிப் பழையதைத் திறக்கவும் முடியும், ஆனால் உள்ளே இருப்பதை வெளியே எடுத்துக்கொள்ள ஒரு நாள் மட்டும் செய்யுங்கள், அப்படியே விட்டுவிடாதீர்கள். விண்டோஸ் கணினி பட்டியலில் தெரியவில்லை என்பது மட்டும் பிரச்சினை என்றால் இவ்வளவு தேவையில்லை. முகவரிப் பட்டியில் எஸ்எம்பி என்று அடித்து, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, அப்புறம் அந்தக் கணினியின் ஐபி எண் கொடுத்தால் நேராகத் திறக்கும். ரவுட்டரில் அந்த எண்ணை நிரந்தரமாக ஒதுக்கி வையுங்கள், மாறிக்கொண்டே இருந்தால் நாளை மறுபடி முதல் கேள்விக்கு வந்து நிற்பீர்கள்.

சரியான பாஸ்வேர்ட்தான் போடுறேன், திரும்பத் திரும்ப கேக்குது.

விண்டோஸில் நாலு இலக்கப் பின் போட்டு உள்ளே போகிறவர்கள் அந்தப் பின்னையே இங்கேயும் போடுகிறார்கள், அது அந்தக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தால் மட்டுமே செல்லும். ஷேருக்குக் கணக்கின் உண்மையான பாஸ்வேர்ட் வேண்டும். அது சரி என்றால், பழைய பாஸ்வேர்ட் லினக்ஸின் பாஸ்வேர்ட் பெட்டகமான கீரிங்கில் சேமித்துக் கிடக்கலாம். பாஸ்வேர்ட்ஸ் அண்ட் கீஸ் புரோகிராமைத் திறந்து அந்தப் பதிவை அழித்துவிட்டு மறுபடி இணையுங்கள்.

எஃப்எஸ்டேப்ல போட்டுட்டேன். இப்போ வீட்டுல லேப்டாப்பை ஆன் பண்ணினா ஒன்றரை நிமிஷம் நிக்குது, மூடித் திறந்தாலும் ஹேங் ஆகுது.

அந்த ஒன்றரை நிமிடம், கணினி எழும்போது எல்லாவற்றையும் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டியின் 90 நொடிக் காத்திருப்பு. அலுவலக நாஸை உங்கள் வீட்டு வைஃபையில் தேடிக்கொண்டிருக்கிறது. லேப்டாப்பை அலுவலகத்தில் மூடி வீட்டில் திறந்தாலும் அதேதான், மவுண்ட் இருக்கிறது, எதிரே ஆள் இல்லை.

இதற்கு ஆட்டோமவுண்ட் போடுங்கள். எஃப்எஸ்டேப் வரியின் ஆப்ஷன்களில் நோஆட்டோ, நோஃபெயில், அடிக்கோடு நெட்டெவ், அவற்றோடு எக்ஸ்-சிஸ்டம்டி என்று தொடங்கும் மூன்றைச் சேர்க்க வேண்டும். ஆட்டோமவுண்ட் என்பது யாராவது ஃபோல்டரைத் தொட்டால்தான் இணைக்கும். ஐடில்-டைம்அவுட் 60 என்று வைத்தால் ஒரு நிமிடம் யாரும் தொடாதபோது தானாகக் கழற்றிவிடும். மவுண்ட்-டைம்அவுட் 10 என்று வைத்தால் சர்வர் இல்லாதபோது பத்து நொடியில் எரர் காட்டிவிட்டு விட்டுவிடும். லேப்டாப் வைத்திருக்கும் எல்லாருக்கும் இப்போது இதைத்தான் போட்டுக் கொடுக்கிறேன், அதன்பிறகு அவர்களிடமிருந்து போன் வருவதே குறைந்துவிட்டது. ஒன்று மட்டும் கவனியுங்கள், ஷேரின் உள்ளே ஒரு விண்டோவைத் திறந்தே வைத்திருந்தால் அது கழலாது. மூடும் முன் விண்டோவையும் மூடுங்கள்.

சாஃப்ட் மவுண்ட் போட்டா ஹேங்கே ஆகாதுன்னு ஃப்ரெண்ட் சொன்னான். போடலாமா?

என்எஃப்எஸ்ஸில், எழுதும் ஷேருக்கு வேண்டாம். சாஃப்ட் என்றால் சில முறை கேட்டுப் பார்த்துவிட்டு புரோகிராமுக்கு எரர் கொடுத்துவிடும். அந்த எரரை ஒழுங்காகக் கவனிக்காத புரோகிராம் பாதி எழுதிய கோப்பை முழுக்கோப்பு என்று நினைத்துவிடலாம். என்எஃப்எஸ் கையேடே இதனால் சத்தமில்லாமல் தரவு கெடலாம் என்று எச்சரிக்கிறது. ஆடிட்டர் அலுவலகத்தில் அன்று நாலு கணக்குத் தாள்கள் பிழைத்தது ஹார்ட் மவுண்டால்தான். படிக்க மட்டும் பயன்படும் ஷேர், சினிமா, பாட்டு என்றால் தாராளமாகப் போடுங்கள்.

சிஐஎஃப்எஸ் வேறு கதை, அங்கே இயல்பே சாஃப்ட்தான். ஆனாலும் நிற்கிறதே என்றால், சர்வர் போய்விட்டது என்று அது முடிவுக்கு வரவே நேரம் ஆகிறது. எக்கோ-இன்டர்வல் என்ற ஆப்ஷன் இயல்பாக 60 நொடி, அதன் இரு மடங்கு கழித்துத்தான் மறு இணைப்பு முயற்சி என்று கையேடு சொல்கிறது, அதாவது இரண்டு நிமிடம். பெயரின் நடுவே அடிக்கோடு வரும், மறக்காதீர்கள். அதை 10 என்று வைத்தால் 20 நொடியில் தெரிந்துவிடும்.

பேசாம வேற ஃபைல் மேனேஜருக்கு மாறிட்டா?

நீமோவிலிருந்து துனாருக்கு மாறினால் அதே ஜிவிஎஃப்எஸ்தான் கூடவே வரும். டால்ஃபினுக்கு மாறினால் அடுக்கு மாறும், சிலருக்கு அது உதவியிருக்கிறது. ஆனால் கெர்னல் மவுண்ட் என்றால் எதற்கு மாறினாலும் ஒன்றுதான், டெர்மினலில் டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் அடித்தாலே நிற்கும். அதுவே ஒரு நல்ல சோதனை: ஹேங் ஆகும் நேரத்தில் டிஎஃப் கட்டளையும் நின்றால் ஃபைல் மேனேஜர்மேல் குற்றமில்லை.

காப்பி பாதியில நின்னு போச்சு. வந்த வரைக்கும் நம்பலாமா?

நம்பாதீர்கள். கோப்பின் பெயர் வந்துவிட்டதாலேயே உள்ளடக்கம் முழுதாக வந்ததாக ஆகாது. பெரிய காப்பிகளை ஃபைல் மேனேஜரில் இழுத்துப் போடுவதை நான் நிறுத்திப் பல வருடம் ஆகிறது. ஷேரைக் கெர்னல் மவுண்டாக வைத்து, ஆர்சிங்க் (rsync) என்ற காப்பிக் கட்டளையை மைனஸ் ஏ சேர்த்து ஓட்டுங்கள், நின்றால் அதே கட்டளையை மறுபடி கொடுங்கள், ஏற்கெனவே முடிந்த கோப்புகளை விட்டுவிட்டு மீதியைத் தொடரும். முக்கியமான தரவு என்றால் முடிந்த பிறகு உள்ளடக்கத்தையே ஒப்பிடும் செக்சம் ஆப்ஷனோடு இன்னொரு முறை ஓட்டிச் சரிபாருங்கள், நேரம் எடுக்கும், பரவாயில்லை.

தமிழ்ப் பெயர் வெச்ச ஃபைல் மட்டும் காப்பி ஆகலை. சில ஃபைல் ஒரே பெயர்ல ரெண்டு தெரியுது. ஷேர் கெட்டுப்போச்சா?

ஷேர் நன்றாகவே இருக்கிறது. முதல் பிரச்சினை நீளம். லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட் வரை இடம், எழுத்துக்கணக்கு இல்லை. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் குறியீடுகள். "தமிழ்நாடு" என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, டிஸ்க்குக்கு 27 பைட். ஆக 85 குறியீட்டோடு முடிந்தது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸில் 255 குறியீடு வரை தாங்கும் என்பதால் அங்கே வைத்த நீளப் பெயர் இங்கே வரும்போது எரர் அடிக்கிறது. இக்ரிப்ட்எஃப்எஸ் முறையில் பூட்டிய ஷேர் என்றால் இன்னும் மோசம், 143 பைட்தான், 47 குறியீடு. பெயரைச் சுருக்குவது தவிர வழியில்லை.

இரட்டைப் பெயர் வருவது "கொ", "கோ", "கௌ" போன்ற எழுத்துகளால். யூனிகோடில் "கொ" என்பதை ககரத்தோடு ஒரே ஒகரக் குறி சேர்த்தும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று, பைட்டில் வேறு. பழைய மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க்குகள் பெயர்களைப் பிரித்தே சேமித்தன. அந்த டிஸ்க்கிலிருந்து நாஸுக்கு வந்த "கொலு" ஃபோல்டரும், நீங்கள் லினக்ஸில் உருவாக்கிய "கொலு" ஃபோல்டரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கான்வ்எம்வி என்ற கருவி என்எஃப்சி ஆப்ஷனோடு பிரிந்ததை எல்லாம் சேர்த்துவிடும். முதலில் அது வெறும் ஒத்திகைதான் பார்க்கும், பட்டியல் சரி என்று தெரிந்த பிறகு நோடெஸ்ட் சேர்த்து ஓட்டுங்கள். இரண்டு ஃபோல்டரும் ஒரே இடத்தில் இருந்தால் முன்கூட்டியே ஒன்றுக்கு வேறு பெயர் கொடுத்துவிடுங்கள்.

எல்லாம் பார்த்துட்டேன், இன்னும் கிராஷ் ஆகுது. பக் ரிப்போர்ட் எழுதணும்னா என்ன போடணும்?

ஃபைல் மேனேஜரின் பதிப்பு, டிஸ்ட்ரோ, ஷேர் எந்த முறையில் இணைந்திருக்கிறது, எதிரே இருப்பது நாஸா விண்டோஸா, என்ன செய்தால் விழுகிறது என்று முதல் கிளிக்கிலிருந்து வரிசையாக எழுதுங்கள். எக்ஸ்டென்ஷன்களை அணைத்தும் விழுகிறது என்று மறக்காமல் சொல்லுங்கள், அவர்கள் முதலில் கேட்பது அதுதான். கிராஷ் என்றால் பேக்ட்ரேஸ் (புரோகிராம் எந்த இடத்தில் விழுந்தது என்று காட்டும் தடயம்), ஹேங் என்றால் நான் எடுத்து வைக்கச் சொன்ன அந்த 120 நொடி வரி. நாட்டிலஸுக்கு க்னோமின் கிட்லேப், டால்ஃபினுக்கு கேடிஇ பக்ஸில்லா, நீமோவுக்கு மின்ட்காரர்களின் கிட்ஹப். அனுப்பும் முன் லாகில் இருக்கும் வாடிக்கையாளர் பெயர்களையும் கோப்புப் பெயர்களையும் எடுத்துவிடுங்கள், அந்தப் பக்கங்கள் எல்லாருக்கும் தெரியும்படி திறந்தே கிடக்கும்.